ஜனவரிப் படம்

"கையைப் பாக்கெட்டுக்குள்ள விடுடா. கட்டு தெரியுது பார்" என்றார் கராமத் மாஸ்டர்.

அனூஷ் வலது கையைக் கோட்டுப் பைக்குள் மெதுவாக நுழைத்தான். போன வாரம் ரம்ப மிஷின் அந்தக் கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. துணி உரசியதும் உயிர் போய் உயிர் வந்தது.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க? பாதுகாப்புப் பயிற்சி உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சந்தோஷமா நில்லு."

இஸ்ஃபாரா ஊர்த் தொழிற்பள்ளியின் தச்சு வகுப்பில் பாதுகாப்புப் பயிற்சி என்று ஒன்று நடந்ததே இல்லை. பிள்ளைகள் மிஷினில் கை வைப்பதற்கு முன்னால், ஜனவரியிலேயே நடந்திருக்க வேண்டும். ரம்பத்தை மறைக்கும் இரும்பு மூடியைக்கூட மாஸ்டர் முதல் நாளே கழற்றிவிட்டார். அது இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்குமாம். அதைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல்தான் தன் தேநீர்க் கெண்டியை வைத்துக்கொண்டிருந்தார்.

நாளைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி வருகிறார். எங்கள் ஊரில் எதற்கும் படம் காட்ட வேண்டும். படம் இருந்தால் அது நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை. ஆகவே மார்ச் கடைசியில், வியர்க்க வியர்க்க, எல்லாருக்கும் குளிர்காலக் கோட்டும் கம்பளித் தொப்பியும் மாட்டி ஜனவரி தயாராகிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் 'பாதுகாப்புப் பயிற்சி, ஜனவரி' என்று மாஸ்டரே எழுதினார். போனில் தேதியையும் மாற்றினார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

"இந்தப் படத்தைக் காட்டினா என்ன ஆகும், மாஸ்டர்?" அனூஷ் கேட்டான்.

"என்ன ஆகும்? மாஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு, இவன்தான் காதுல போட்டுக்கலைன்னு முடிச்சிருவாங்க. தப்பு உன் தலையில விழும். உன்னைப் பள்ளியை விட்டு அனுப்புவாங்க. நான் என்ன பண்றது? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"மூடியக் கழட்டுனது நீங்க."

"எந்த மூடி?" என்று கேட்டபடியே மாஸ்டர் கெண்டியை எடுத்துக் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நிகினா வந்தாள். வகுப்பில் இருந்த ஒரே பெண். விரல் போன அன்று தன் தலைத்துணியை அவிழ்த்து அனூஷின் கையைக் கட்டியவள் அவள்தான்.

"இப்பத்தான் விடிஞ்சுதா உனக்கு? கோட்டை மாட்டிக்கிட்டு நில்லு."

நிகினா தலையில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். கரும்பலகையைப் படித்தாள். அனூஷின் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"பாதுகாப்புக் கண்ணாடி ஒண்ணுதான் இருக்கா, மாஸ்டர்?"

"ஒண்ணு போதும். முன்னாடி நிக்கிறவன் போட்டுக்கட்டும்."

"அனூஷுக்கே போட்டுவிடுங்க. அப்பத்தான் அவனுக்கு நல்லாச் சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கும்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாடா? இதுக்குத்தான் தலையில கொஞ்சம் மூளை வேணும்கிறது."

அனூஷால் நம்ப முடியவில்லை. "நீயுமா காக்கா பிடிக்கிற?" என்று பல்லைக் கடித்தான்.

"வாயை மூடிட்டு நில்லு" என்று கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டினாள் நிகினா.

மாஸ்டர் ஒரு படம் எடுத்துப் பார்த்தார். "ச்சே, ஒருத்தன் மூஞ்சியும் தெரியலையே."

"குளிருக்கு ஜன்னல்ல அடிச்ச பாலிதீன் இன்னும் அப்படியே கிடக்கு மாஸ்டர், அழுக்கேறிப்போய். கிழிச்சிரட்டுமா?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறியே. கிழி."

அவள் ஒரே இழுப்பில் பாலிதீனைக் கிழித்தெறிந்தாள். அறை முழுக்க வெளிச்சம் பரவியது. அதோடும் விடவில்லை. எல்லாரையும் அந்தப் பக்கமாகத் தள்ளி நிறுத்தினாள், அனூஷை ஜன்னல் ஓரமாக இழுத்துவிட்டாள், அவன் தொப்பியைக்கூடச் சரிசெய்தாள். அனூஷுக்கு அழுகை வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"மூஞ்சியெல்லாம் பளிச்சுனு விழுது. எல்லாரும் லேசா நடுங்குங்க" என்றார் மாஸ்டர். நடுங்கினார்கள். எடுத்தார்.

மறுநாள் அந்தத் தொழிலாளர் துறை அதிகாரி அம்மாள் வந்து, வகுப்பிலேயே உட்கார்ந்து, மாஸ்டர் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார்.

"இது ஜனவரியில எடுத்ததா?"

"ஆமாம்மா, தேதியே இருக்கு பாருங்க. அன்னிக்கு என்ன குளிருங்கிறீங்க, முழங்கால் வரைக்கும் பனி. பிள்ளைங்க நடுங்கிக்கிட்டேதான் கத்துக்கிட்டாங்க."

"அடிபட்ட பையன்தானே இது? கண்ணாடியெல்லாம் போட்டிருக்கான்."

"அவனுக்குன்னே தனியாச் சொன்னேம்மா. கேட்டாத்தானே?" மாஸ்டர் உச்சுக்கொட்டினார்.

அனூஷ் தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார்.

"அவன் கேட்டானோ இல்லையோ, அதை அப்புறம் பாப்போம்" என்று போனை மாஸ்டர் பக்கம் திருப்பினார். "முழங்கால் வரைக்கும் பனின்னீங்க. இவன் தோளுக்குப் பின்னாடி, ஜன்னலுக்கு வெளியில, பனி போனப்புறம் பூக்கிற ஆப்ரிகாட் மரம் கிளை தெரியாம பூத்து நிக்குதே?"

கடைசி வரிசையில் நிகினா தன் தலைத்துணியில் ஒட்டியிருந்த வெள்ளை இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.