வெயிலில் ஒரு பேரம்

பாறசாலை பஸ் நிறுத்தத்தில் உச்சிவெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது. சுகுமாரி தன் மகள் ஜீனாவின் தலைக்கு மேல் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருக்கிறாள். ஜீனா சிறுவயதிலிருந்தே இன்சுலின் ஊசியோடு வளர்ந்த பெண். சற்று முன்புதான் எதிர்மாடி டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, வைட்டமின் டி அடிமட்டத்துக்குப் போய்விட்டது, எலும்பு தேய்ந்துவிடும், தினமும் அரைமணி நேரம் வெயில் படட்டும் என்றிருக்கிறார். சுகுமாரி அங்கேயே பேரத்தைத் தொடங்கிவிட்டாள். அரைமணியைக் கால்மணியாக்கினாள், உச்சிவெயிலை அந்திவெயிலாக்கினாள். பொழியூர் மீன்காரிகூட விலையில் அவ்வளவு இறங்கி வந்திருக்க மாட்டாள். டாக்டர் சலித்துப்போய் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். “குடைய மடக்கும்மா. அவரு சொன்னது காதுல விழல்லியா?” ஜீனா ஓர் அடி வெயிலுக்கு நகர்கிறாள். குடையும் ஓர் அடி நகர்கிறது. “அடுத்த மாசம் காட்டாக்கடையிலேருந்து பெண்ணு பாக்க வாறாவ மக்கா.” “எனக்கு சுகர் உண்டுண்ணு அவியகிட்ட சொல்லியாச்சா?” சுகுமாரி சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறாள். “சுகர் ரத்தத்துக்குள்ளயாக்கும் கெடக்கு, ஆருக்கும் தெரியாது. கறுத்துப்போனா வாசல்லயே தெரிஞ்சிரும்.” ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய கையை மட்டும் ஜீனா குடைக்கு வெளியே நீட்டுகிறாள். மழை தூறுகிறதோ என்று பக்கத்தில் நிற்பவர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். சுகுமாரி தன் சேலைத் தலைப்பை இழுத்து, அந்தக் கையின் மேல் போர்த்துகிறாள்.