சுவருக்குப் பின்னால் வரிசை

மே 18, ஞாயிறு. வரிசை சின்னதென்று நம்பி, சாப்பாடு கைக்கு வருமுன்பே அப்பாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டது மகளின் தவறு.

கேளிக்கைப் பூங்காவின் உணவகச் சுவரைத் தாண்டித் திரும்பியதும்தான் தெரிகிறது, வரிசை பின்னால் மலைப்பாம்பாகச் சுருண்டு கிடக்கிறது. கூட்டத்தை முந்திக்கொள்ளலாம் என்று அவள் போட்ட கணக்கையே ஊரும் போட்டிருக்கிறது. அரை மணியாகியும் பாதி தூரம்தான். தலைக்கு மேல் ராட்சத ரயில் அலறிக்கொண்டு கவிழ்கிறது. கம்பியைப் பிடித்திருக்கும் அப்பாவின் விரல்கள் நடுங்குகின்றன. மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது. "ரயில்ல ஏறாமலே தலை சுத்துதும்மா, டிக்கெட் மிச்சம்," என்கிறார். பேச்சு குழறுகிறது. முன்னால் நிற்கும் பெண் திரும்புகிறாள். "சுகரா? இந்தாங்க, முதல்ல குடிக்கச் சொல்லுங்க." தன் குழந்தையின் கையிலிருந்த ஜூஸ் டப்பாவைப் பிடுங்கி நீட்டுகிறாள். "என்னோடது!" என்று குழந்தை வீறிடுகிறது. அப்பா உறிஞ்ச உறிஞ்ச டப்பா ஒடுங்குகிறது. மகள் அந்த விரல்களையே பார்க்கிறாள். வரிசை இரண்டு வளைவு நகர்ந்த பிறகே நடுக்கம் அடங்குகிறது. "அழாதடா குட்டி, தாத்தா ரெண்டா வாங்கித் தர்றேன்." பேச்சில் இப்போது குழறல் இல்லை.

நாளையும் பூங்காதான். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பொட்டலத்தைப் பிரித்த பிறகே ஊசி.