பொய்ப் பெட்டியில் ஒரு காசு

"ஓட்டைக் காசா? தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிடுங்க!"

பழைய நாணயக் கடைக்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். எதிரில் நின்ற தையல்காரர் பாவம், மாமியார் கழுத்தில் கிடந்த காசை ஆசை ஆசையாகக் கொண்டுவந்திருந்தார்.

"நல்ல வெள்ளிங்க..."

"தங்கமாவே இருக்கட்டும். ஓட்டை இல்லேன்னா நாப்பதாயிரம். இப்ப நாலாயிரம்கூடத் தேறாது. பல்பொடி போட்டுத் தேய்க்கிறது, ஓரத்தைச் சுரண்டறது, ஓட்டை போடறது. ஒரு காசைக் கொல்றதுக்கு வேற ஆயுதமே வேணாம்."

சனிக்கிழமை என்றால் அங்கே சேகரிப்பாளர்கள் கூடிவிடுவார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரும் பல் டாக்டரும் டீயும் கையுமாகத் தலையாட்டினார்கள். கடைக்காரர் சொன்னால் சொன்னதுதான். தராசு, பூதக்கண்ணாடி எதையும் தொடமாட்டார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தையல்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். சுவரோரக் கண்ணாடிப் பெட்டியையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். முப்பது வயதிருக்கும்.

"இந்தப் பெரிய காசு என்ன விலைங்க?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பொய்ப் பெட்டிம்மா. நான் பிடிச்ச போலிக் காசுங்க எல்லாம் அதுலதான் இருக்கு. சீட்டைப் படிக்கலையா?"

படித்தாள். சத்தமாகவே படித்தாள். "'இதே தெரு ரேடியோ மெக்கானிக் விற்றது. வெள்ளி முலாம். உள்ளே செம்பு. ஏமாறாதீர்!'"

"இருபது வருஷக் கதை" என்றார் மேனேஜர். "அதுக்கப்புறம் அவன்கிட்ட யாரு ரேடியோ குடுப்பா? கடையை மூடிட்டு ஊரைவிட்டே போயிட்டான்."

"நான் இல்லாத நேரம் பார்த்து என் தம்பி தலையில கட்டிட்டான்" என்றார் கடைக்காரர். "விடுவேனா? பணத்தைத் திருப்பி வாங்கிட்டேன். காசையும் குடுக்கலை. குடுத்தா இன்னொருத்தரை ஏமாத்துவான்ல?"

"எனக்குக் கழுத்துல மாட்டிக்க வேணும். ஓட்டை போட்டுத் தருவீங்களா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். போலிக் காசை விலை கொடுத்து வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒருத்தி! மின்னினால் போதும் இந்தப் பெண்களுக்கு என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். இருநூறு என்றார். அவள் பேரம் பேசவில்லை. ரசீது மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"போலிக்கு ஓட்டை போட்டா பாவமில்லை" என்று ட்ரில்லை எடுத்தார். கறுப்புத் துணியை விரித்துக் காசைக் கிடுக்கியில் இறுக்கினார். "நல்லா பாருங்க. மேல்தோல் வரைக்கும்தான் வெள்ளை. அப்புறம் சிவப்பாத் தூள் கொட்டும்."

"நிச்சயமா செம்புதானா சார்?"

"இருபது வருஷமாச் சொல்றேன். இனிமே ட்ரில்லு வந்தா சொல்லணும்?"

அவள் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

ட்ரில் இறங்கியது. வெள்ளைத் தூள் விழுந்தது.

"முலாம் கொஞ்சம் தடிப்பு" என்றார்.

இன்னும் இறங்கியது. அப்போதும் வெள்ளைத் தூள். அழுத்தினார். மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் துணியில் சிவப்பு என்று ஒரு பொட்டுகூட இல்லை.

பல் டாக்டர் டீயைக் கீழே வைத்தார். மேனேஜர் பூதக்கண்ணாடியோடு குனிந்து தூளைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், காசைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தார். "ஐயோ, முழு வெள்ளி! அசல் காசு! இதுல போட்டிருக்கிற வருஷத்துக் காசு ஏலத்துக்கு வந்தா எட்டு லட்சத்துக்குக் குறையாதே! அன்னிக்கு எடை போட்டுப் பார்க்கலையா நீங்க?"

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "எடை எதுக்கு? இப்படி ஒரு காசு... ஒரு ரேடியோ மெக்கானிக்கிட்ட எப்படி இருக்கும்னு..."

அன்றைக்கு அவர் பார்த்தது காசை அல்ல, கொண்டுவந்த ஆளின் சட்டையை. அவமானத்தில் காது மடல் சுட்டது.

"இப்படிக் கெடுத்துக்கிட்டியேம்மா!" மேனேஜர் பதறினார். "சும்மா எடுத்துட்டுப் போயிருந்தா எட்டு லட்சம்!"

"கிடைச்சிருக்கும்தான் சார்" என்றாள். குரல் கணீரென்று வந்தது. "ஆனா உள்ளே என்ன இருக்குன்னு நீங்க யாரும் பார்த்திருக்க மாட்டீங்களே."

பெட்டியிலிருந்த சீட்டை எடுத்துத் திருப்பிக் கடைக்காரர் முன் வைத்தாள். "எழுதுங்க. 'ரேடியோ மெக்கானிக் விற்றது. உள்ளேயும் வெள்ளி.' கீழே கையெழுத்துப் போடுங்க. தேதியும்."

பேனாவை எடுத்து எழுதினார். மற்ற இருவரும் கேட்காமலேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்குப் போனாள். அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, எதிரே நின்ற ஆட்டோவைப் பார்த்துக் கூவினாள்:

"அப்பா! முகத்தை மறைச்சுக்கிட்டு உட்கார்ந்தது போதும். இறங்கி உள்ள வாங்க!"