ஒரு வண்டி அகலம்

“வடக்குச் சரிவுல நடுவுல ஒரு பாதை மட்டும் சமமாக்கிக் குடு, வின்சென்ஸ். உன் வண்டி அகலம் போதும்.”

ரோஸ்விதா சூப் ஊற்றிக்கொண்டே கேட்டாள். அவள் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலை வேலைக்காரர்கள் அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

மற்ற பனிச்சறுக்குச் சரிவுகளை எல்லாம் வின்சென்ஸ் தினமும் பனியைச் சமமாக்கும் வண்டி ஓட்டி, படுக்கை விரிப்பு மாதிரி தேய்த்துவிடுவான். வடக்குச் சரிவை மட்டும் யாரும் தொடுவதில்லை. காலில் பலகை கட்டிச் சறுக்குகிறவர்கள் வளைந்து வளைந்து போனதில் பனி தானாகக் குவிந்து, சரிவு முழுக்க மேடும் பள்ளமுமாக நிற்கும். அதில் விழாமல் இறங்குகிறவர்களுக்குத்தான் ஆஸ்திரியாவின் அந்த டிரோல் கிராமத்தில் மரியாதை. ரோஸ்விதாவை மிஞ்ச ஆளே கிடையாது.

அவள் வாயிலிருந்தா இப்படி?

விடுதிக்கு வருகிற விருந்தாளிகளுக்காகவா என்று ஒருவர் கேட்டார். இல்லை, எனக்குத்தான், இப்போதெல்லாம் மேட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றாள்.

“வயசாயிடுச்சுன்னு சொல்லுக்கா. அடுத்த வருஷம் படிக்கட்டே கட்டித் தரேன்,” என்றான் வின்சென்ஸ்.

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தாள்.

மனசே இல்லாமல்தான் பாதை போட்டான்.

மறுநாள் காலை, வண்டியை உச்சியில் நிறுத்திவிட்டு அவன் இறங்கும்போது ரோஸ்விதா கம்பியில் தொங்கி மேலே வரும் லிஃப்டில் வந்தாள். கூடவே அவள் கணவர் அலோயிஸ். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்ட பிறகு, அவர் சறுக்குப் பலகையைத் தொடுவது இதுதான் முதல் முறை. யாராவது தாங்கிப் பிடிக்க வந்தால், நான் இன்னும் சாகலை என்று விரட்டிவிடுவார்.

“இவளுக்குத் தனியா இறங்கப் பயமாம். நான் முன்னால போனாத்தான் வருவாளாம். என்ன பண்றது, கட்டிக்கிட்டாச்சே,” என்றார் அலோயிஸ். முகமெல்லாம் பெருமை.

அவர் மெதுவாகப் பாதையில் இறங்கினார். பின்னால் ரோஸ்விதா தடுமாறிக்கொண்டே போனாள். ஒரு தரம் விழவும் விழுந்தாள். அவர் நின்று, திரும்பிப் பார்த்து, முட்டியை எப்படி மடக்குவது என்று சொல்லிக்கொடுத்தார். கிண்டல் செய்த வின்சென்ஸுக்கே பாவமாகிவிட்டது.

பாதி வழியில் அலோயிஸின் வலது பலகை பாதையை விட்டு விலகி ஒரு மேட்டில் ஏறியது. உடம்பு பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது.

ரோஸ்விதா மேடுகளுக்குள் பாய்ந்தாள்.

முழங்கால் இரண்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஏறி இறங்க, தலை மட்டும் அசையவே இல்லை. ஒரு மேட்டைக்கூட அவள் தவறவிடவில்லை, ஒரு பள்ளத்தில்கூட வேகம் குறையவில்லை. வின்சென்ஸ் பிறந்ததிலிருந்து அந்தச் சரிவைப் பார்க்கிறவன். இப்படி ஒருத்தர் இறங்கிப் பார்த்ததே இல்லை.

அவர் விழுவதற்குள் கீழ்ப்பக்கமாகச் சுழன்று வந்து, தோளை அவர் இடுப்புக்குக் கொடுத்து நிமிர்த்திவிட்டு, அவர் காலடியிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

அந்த அமைதியில் அலோயிஸின் குரல் உச்சி வரை கேட்டது.

“ஏய், பாத்து வரக் கூடாதா? என் மேலயே வந்து மோதறியே!”

அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்விதா எழுந்தாள்.

“பயத்துல கால் நிக்கலை அலோயிஸ். நல்லவேளை, நீ பிடிச்சே.”