மசக்கை மண்

"திருடி அகப்பட்டுக்கிட்டா!"

காலை எட்டு மணிக்கே துர்சுனாய் ஊரைக் கூட்டிவிட்டாள். தண்ணீர்ச் சங்கத் தலைவி ஷாயிர்கான் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். ஊருக்கு ஒன்று என்றால் அவள் அப்படித்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் இன்னும் வேகமாக ஓடுவாள்.

வாய்க்கால் கரையில், வடிகட்டிக் கொட்டகைக்குப் பின்னால், ஆறு மாதக் கர்ப்பிணி நுர்ஜமால் நின்றிருந்தாள். கையில் ரப்பர் உறை. காலடியில் ஒரு சாக்கு நிறையக் களிமண்.

"திருட்டுக்குக் கையுறை வேற!" என்றாள் துர்சுனாய்.

பழைய ஈயச் சுரங்கத்தின் அடிவாரத்தில் இருக்கிற ஊர் அது. கிணற்றுத் தண்ணீரில் ஈயம். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பீப்பாய்களில் களிமண் உருண்டைகளை நிரப்பி, அதன் வழியே தண்ணீரை விடுகிறார்கள். மாதம் ஒருமுறை மண்ணை மாற்றுவார்கள். ஈயம் ஏறிய பழைய மண், கரையில் குவியலாகக் கிடக்கும்.

"எத்தனை நாளாடி இந்த வேலை?" என்றாள் தலைவி.

"மூணு மாசமாக்கா."

"மசக்கைக்கு மண்ணு திங்காத பொம்பளை இந்தப் பக்கத்துல யாரு இருக்கா? நானே நாலு பிள்ளைக்கும் தின்னேன். ஆனா சந்தையில வாங்கித் தின்னேன்!" என்றாள் தலைவி.

"ஓசி மண்ணுக்கு ருசி ஜாஸ்தி" என்றாள் துர்சுனாய். கூட்டம் சிரித்தது.

"நான் திங்கலக்கா."

"பின்ன, சாக்கு சாக்கா மூஞ்சிக்குப் பூசுறியா?"

தலைவிக்கு ஓஷ் நகரத்தில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். அதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இந்த மண்ணு பூரா ஈயம்! வயித்துக்குள்ள போச்சுன்னா பிள்ளையோட மூளையைத்தான் பாதிக்கும். தெரியுமா?"

"தெரியும். நீங்கதான கூட்டத்துல சொன்னீங்க."

"தெரிஞ்சுமா? நீயெல்லாம் ஒரு தாயா?" தலைவியின் குரல் தழுதழுத்தது. நான்கு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "வாங்க எல்லாரும், வீட்டுல எவ்வளவு பதுக்கி வெச்சிருக்கான்னு பாத்துடலாம்."

ஊரே பின்னால் நடந்தது.

நுர்ஜமால் வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. அடியில் தார்ப்பாய் விரித்து, முக்கால்வாசிக்கு அதே மண். மழை இறங்காமல் மேலே இன்னொரு தார்ப்பாய். ஒரு பிடிகூடத் தின்றதாகத் தெரியவில்லை.

துர்சுனாய்க்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"என்னடி இது?" என்றாள் தலைவி.

நுர்ஜமால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"கரையில கொட்டுற மண்ணை மழை வாய்க்காலுக்குள்ள இழுத்துட்டுப் போகுதுக்கா. அப்பவே கூட்டத்துல சொன்னேன். 'கீழூர் நம்ம சங்கத்துல இல்லை, அடுத்ததைப் பேசுங்க'ன்னீங்க."

"அதுக்கு?"

"கீழூர்க்காரங்களுக்கு வடிகட்டி இல்ல. வாய்க்கால் தண்ணியத்தான் குடிக்கிறாங்க. அங்க அஞ்சு பேரு மாசமா இருக்காங்கக்கா."