எம்மெட் கொண்டுவந்த கீரை

சூப்பர் மார்க்கெட்டில் எம்மெட்டைப் பார்த்ததும் நோரீன் ரொட்டி அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கடைக்குள் இருந்த மருந்துப் பிரிவில் கணவன் கிளேட்டனுக்கு மாத்திரை வாங்க வந்திருந்தாள். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள்.

எம்மெட் பசலைக்கீரை, கேரட், பீன்ஸ் என்று தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உறைக்கு உறை 'கலிபோர்னியா' என்று அச்சடித்திருந்தது.

எம்மெட் பக்கத்துப் பண்ணைக்காரர். கிளேட்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததிலிருந்து, வாராவாரம் நோரீன் வீட்டுக்குக் காய்கறிப் பெட்டி கொண்டுவருபவர். கோடையில் ஆறு பெருகி வயலில் புகுந்தபோதுகூட, "மேட்டு நிலம் தப்பிச்சது" என்று சொல்லி நிறுத்தாமல் கொண்டுவந்தார்.

நோரீன் ஓடிவந்து காரில் ஏறினாள்.

"என்ன, முகமே சரியில்ல?" என்றான் கிளேட்டன்.

"எம்மெட் நம்மள ஏமாத்திட்டார். கடையில வாங்கிட்டு வந்து, தன் வயல்ல வெளஞ்சதுன்னு கொடுத்திருக்கார்!"

"கீரை கீரைதானே, நோரீன்?"

"எங்கயோ பறிச்சு, நாள்கணக்கா லாரியில கிடந்தது எப்படி உடம்புல ஒட்டும்? நம்ம மண்ணுல வெளஞ்சாத்தானே நமக்கு மருந்து! ஐயோ, இன்னைக்கு ரிசல்ட் என்ன வரப்போகுதோ!"

மருத்துவமனையில் பெயரைக் கூப்பிடும் வரை அவளால் உட்கார முடியவில்லை. 'மறுபடி அடைப்புன்னு சொல்லிட்டா? ஆபரேஷன்னு சொல்லிட்டா?'

டாக்டர் லெமியூ ரிப்போர்ட்டைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். நோரீன் கிளேட்டனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கொழுப்பு பாதியா குறைஞ்சிருக்கு. ரத்த அழுத்தமும் பரவாயில்ல. என்ன சமைச்சுப் போட்டீங்களோ, அதையே போடுங்க."

நோரீனுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

வீடு திரும்பியபோது எம்மெட் வாசலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். உறையெல்லாம் பிரித்துக் கீரையை நார்க்கயிற்றால் கட்டியிருந்தார்.

"கடையில உங்களப் பார்த்தேன், எம்மெட்."

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மேட்டு நிலமும் போயிடுச்சு, நோரீன். வெள்ளம் நின்ன வயல்ல வெளஞ்சத சாப்பிடக் கூடாதுன்னு எல்லாத்தையும் உழுதுட்டேன். அதச் சொல்லியிருந்தா நீங்க காய்கறியவே விட்டிருப்பீங்க."

"அதுக்காகப் பொய்யா? உங்க வெண்ணெய், சீஸ், பன்றிக்கறி ஸாசேஜ் எல்லாம் இருந்துச்சே! அதக் கொடுத்திருக்கலாமே! சுத்தமான நம்ம ஊர்ச் சரக்கு. வருஷக்கணக்கா அத நம்பித்தானே சாப்பிட்டோம்!"

எம்மெட் கிளேட்டனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இவர மடியில கிடத்திக்கிட்டு உங்க சமையலறையில உட்கார்ந்திருந்தேன், நோரீன். பாதி சாப்பிட்ட தட்டு எதிர்லயே இருந்துச்சு. அதுல இருந்ததெல்லாம் என் பண்ணைச் சரக்குதான்."