கோபக்காரர்களுக்கு லிப்ட் இல்லை

சாப்பாட்டு மேஜையில் இருந்த ரசத்துக்குள் மேலேயிருந்து மறுபடியும் தண்ணீர் சொட்டியது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். குழாயைச் சரிசெய்ய வேண்டிய குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாசிலாமணி இருபதாம் மாடியில் இருந்தார்.

லிப்ட் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தது. "மன்னிக்கவும். உங்களுக்கு மன அழுத்தம் அதிகமாக இருக்கிறது. படியேறிப் போங்கள், சரியாகிவிடும்" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

சரியாகித்தான் போனது. பாதி வழியில் கோபப்பட மூச்சு மிச்சமில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியதும் வாயில் பாட்டு வந்தது. கதவைத் திறந்த செயலாளரைப் பார்த்தபோது கூடப் பிறந்த அண்ணனைப் பார்த்ததுபோல் இருந்தது.

சிரித்த முகத்துடன் வீடு திரும்பியவனிடம், "என்ன சொன்னார்?" என்றாள் மனைவி வசுமதி.

"பாவம், நல்ல மனுஷன். மிக்சர் குடுத்தார். ஆண்டு விழாவுல என்னைப் பாடச் சொல்லியிருக்கார்."

"குழாய்?"

"அதைப் போய் எப்படிக் கேக்கறது?"

போன வாரமும் இதே கதைதான். வசுமதி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். லிப்ட் அவளுக்கு உடனே கதவைத் திறந்தது. சற்று நேரத்தில் பிளம்பரோடு திரும்பினாள். பிளம்பரின் பையைச் செயலாளரே சுமந்து வந்தார்.

கோதண்டம் மெதுவாகக் கேட்டான். "இவ்வளவு கோபத்தோட போன உன்னை லிப்ட் எப்படி ஏத்திக்கிச்சு?"

"உங்க தங்கச்சி லீவுக்கு வரலைன்னுட்டாளே, மேல போய்ச் சேர்ற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டேன்."